வாடகை வீட்டு கேட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டினால் குடியிருப்பவர் கதி என்ன?

3 நவம்பர் 2025, காலை 8.15 — கேள்வி

வாடகைக்கு இருக்கும் வீட்டு கேட்டில் நேற்று மாலை வங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓனர் போனை எடுக்கவில்லை. அட்வான்ஸ் மூன்று லட்சம் அவரிடம் இருக்கிறது, வாடகை 15,000. பதினோரு மாத ஒப்பந்தம், இரண்டு தடவை புதுப்பித்தது, பதிவு செய்யாதது. நோட்டீஸில் 60 நாள் என்று இருப்பதால் அதுவரை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது, அட்வான்ஸை ஏலத்தில் எடுப்பவர்தான் தரவேண்டும் என்கிறார் பக்கத்து போர்ஷன்காரர். சரிதானா?

3 நவம்பர், காலை 9.40

இரண்டும் தவறு. அந்த 60 நாள் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

தவணை 90 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் கடன் வாங்கியவருக்கு வங்கி கோரிக்கை நோட்டீஸ் அனுப்பும். 60 நாள் என்பது அதற்கு உரிய கெடு. அது ஓனர் பெயருக்குப் போகும், பெரும்பாலும் குடியிருப்பவர் கண்ணில் படாது. கேட்டில் ஒட்டுவது பொதுவாக அடுத்த கட்டம், 13(4) பிரிவின் சுவாதீன அறிவிப்பு, அதாவது சொத்தைக் கைவசம் எடுத்துவிட்டோம் என்ற அறிவிப்பு. வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். இன்ன தேதியில் கோரிக்கை அறிவிப்பு கொடுத்தோம், 60 நாளில் கட்டத் தவறினார், ஆகவே இன்று சுவாதீனம் எடுத்துக்கொண்டோம், பொதுமக்கள் யாரும் இந்தச் சொத்தின் பேரில் எந்தப் பரிவர்த்தனையும் செய்ய வேண்டாம் என்ற வரிசையில் இருக்கும். 60 என்ற எண் அதில் நடந்து முடிந்த சங்கதியாக வருகிறது.

அட்வான்ஸ் ஓனருக்கும் உங்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல். ஏல விளம்பரத்தில் "உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்தில் இருக்கிறபடி" என்று போட்டுத்தான் விற்பார்கள். வங்கியோ ஏலம் எடுத்தவரோ உங்கள் அட்வான்ஸைத் தருவார் என்று காத்திருந்தால் காலம்தான் போகும்.

3 நவம்பர், காலை 10.05

இன்றைக்கே செய்ய வேண்டியது: நோட்டீஸை முழுசாகவும், பத்தி பத்தியாகவும், வீட்டு எண் தெரிகிற மாதிரியும் போட்டோ எடுங்கள். கிழிக்கவே கூடாது. கோரிக்கை நோட்டீஸ் தேதி, சுவாதீனத் தேதி, தொகை, வங்கிக் கிளை, ஆத்தரைஸ்டு ஆபீசர் (வங்கி சார்பில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரி) பெயர், இந்த ஐந்தையும் தனியாகக் குறித்து வையுங்கள். கீழே சொத்து விவரத்தில் நான்கெல்லை, சர்வே எண், கதவு எண் இருக்கும். அது உங்கள் போர்ஷனையும் சேர்த்ததா என்று சரிபாருங்கள். ஒரே மனையில் முன்வீடு மட்டும் அடமானத்தில் இருந்து, பின்வீடு தனிப் பத்திரமாக இருப்பதும் உண்டு.

3 நவம்பர், இரவு 9.20

காலையில் சொல்லாமல் விட்ட மையமான விஷயம். உங்கள் உரிமை எவ்வளவு என்பதை முடிவு செய்வது மூன்று தேதிகள்: அடமானம் வைத்த தேதி, 13(2) நோட்டீஸ் தேதி, நீங்கள் குடியேறியதைக் காட்டும் காகிதத்தின் தேதி.

2016-இல் சட்டத்தில் 17(4ஏ) என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். குடியிருப்பவர் உரிமை கோரினால் கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி., நான்கு கேள்விகளைப் பார்க்கும். குத்தகைக் காலம் முடிந்துவிட்டதா? அடமானத்தில் உள்ள சொத்தை வாடகைக்கு விடுவது பற்றிய சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுக்கு முரணாக இருக்கிறதா? அடமானப் பத்திரத்தின் நிபந்தனைக்கு முரணா? 13(2) நோட்டீஸுக்குப் பிறகு உண்டாக்கியதா? இதில் ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

அடமானத்துக்கு முன்பே குடியேறியவர் பலமான நிலையில் இருக்கிறார். அடமானத்துக்குப் பின், நோட்டீஸுக்கு முன் குடியேறியவருக்கு வீட்டுக்கடன் பத்திரம்தான் வில்லன். வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். நோட்டீஸுக்குப் பின் குடியேறியவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 13(13) பிரிவின்படி நோட்டீஸ் கிடைத்த பிறகு ஓனர் வங்கியைக் கேட்காமல் குத்தகைக்கு விடவே கூடாது.

4 நவம்பர், காலை 7.30

நேற்று இரவு எழுதியதில் ஒரு திருத்தம். "முன்பே குடியேறியவர் பலமான நிலையில்" என்றது பதிவு செய்த ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் முழுசாகப் பொருந்தும். 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓராண்டுக்கு மேல் உரிமை கோரினால் பதிவு செய்த ஆவணம் வேண்டும், பதிவில்லாத காகிதமோ வாய்மொழி ஏற்பாடோ மட்டும் இருந்தால் சொத்து மாற்றுச் சட்டம் 107 பிரிவு அனுமதிக்கிற ஓராண்டைத் தாண்டிப் பாதுகாப்பு கிடையாது. பத்து வருஷமாகப் பதினோரு மாதம், பதினோரு மாதமாகப் புதுப்பித்து வந்தவருக்கும் கடைசி காகிதம்தான் கணக்கு.

இணையத்தில் 2016 ஜனவரி தீர்ப்பைக் காட்டி, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை சர்ஃபாசி மீற முடியாது, பயமே வேண்டாம் என்று பலர் எழுதுகிறார்கள். அது மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தை ஒட்டி வந்த வழக்கு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை அப்படியே மனுவில் ஒட்டினால் வங்கி வக்கீல் முதல் வாய்தாவிலேயே இதை எடுத்துவிடுவார்.

4 நவம்பர், காலை 11.10 — இன்னொருவர்

எங்களுடையது வாடகை இல்லை, லீஸ். எட்டு லட்சம் கொடுத்து மூன்று வருஷம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியது. எங்களுக்கும் இதே கணக்கா?

4 நவம்பர், மதியம் 1.45

உங்கள் நிலைமை இன்னும் மோசம். ஒளித்துப் பேசி என்ன பயன்?

சென்னையில் லீஸ், மதுரை, நெல்லைப் பக்கம் ஒத்தி, பத்திரத்தில் போக்கியம். பேர் எதுவானாலும் மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது பணத்தைத் திருப்பி வாங்குவது. 65ஏ பிரிவு என்ன சொல்கிறது? அடமானம் வைத்த ஓனர் வாடகைக்கு விடலாம், ஆனால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகைக்கு விட வேண்டும், முன்தொகையும் முன்கூட்டிய வாடகையும் வாங்கக் கூடாது, புதுப்பிக்கும் உறுதி தரக் கூடாது, கட்டடம் என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வாடகையே இல்லாமல் எட்டு லட்சம் முன்னால் வாங்குவது இதில் எந்த வரியிலும் அடங்காது.

சட்டப்படி பார்த்தால் இது சுவாதீன அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்துவது பதிவு ஆகாது. பதிவு செய்திருந்தாலும் வங்கியின் அடமானத்துக்குப் பிந்தியது என்றால் வங்கிக்கு அடுத்த வரிசையில்தான் நிற்பீர்கள்.

அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. பலருக்குத் தெரிவதில்லை. 13(7) பிரிவின்படி ஏலப் பணத்தில் செலவும் கடனும் போக மிஞ்சியதை, உரியவருக்கு வங்கி கொடுக்க வேண்டும். ஐம்பது லட்சத்துக்கு வீடு போய், வங்கி பாக்கியும் செலவும் 38 லட்சம் என்றால் மீதி 12 லட்சம். அந்தப் பணம் ஓனர் கைக்குப் போவதற்கு முன்பே, பதிவு ஆவண எண்ணைக் குறிப்பிட்டு "என் எட்டு லட்சத்துக்கு மீதித் தொகையின் மேல் உரிமை கோருகிறேன்" என்று ஆத்தரைஸ்டு ஆபீசருக்கு எழுதி ஒப்புகை வாங்கிவிட வேண்டும். ஏலம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய் நின்றால் பணம் போயிருக்கும்.

உங்களைப் போலப் பதிவில்லாதவர்களுக்கு இருப்பது ஓனர் மேல் சிவில் கோர்ட்டில் பண வழக்கு. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஓனருக்கு வேறு சொத்து இருந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் கட்டளை, 5-ஆம் விதியில் மனு போடலாம். வழக்கோடு சேர்த்தே போடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். அடமானத்தை மறைத்து பணம் வாங்கினார் என்று காட்ட முடிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318 பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். "சிவில் மேட்டர்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அப்போது லீஸ் பத்திரத்தில் "வில்லங்கம் ஏதும் இல்லை" என்ற வரியையும், அதே சொத்தின் வில்லங்கச் சான்றில் (ஈ.சி.) உள்ள அடமானப் பதிவையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். மோசடிக்கு அதுதான் உயிர்.

4 நவம்பர், மாலை 6.30

வாடகையை நிறுத்தலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சும்மா நிறுத்தக் கூடாது. வாடகை பாக்கி விழுந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டும் போய்விடும். 13(4)(டி) பிரிவில், ஓனருக்குத் தர வேண்டிய பணத்தை எங்களிடம் கட்டு என்று வங்கி எழுத்தில் கேட்கலாம். அந்தக் கடிதம் வந்த பிறகு வங்கிக்குக் கட்டுவதை ஓனருக்குக் கட்டியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், 13(5) பிரிவு அதைச் சொல்கிறது. கடிதம் வந்த பிறகும் ஓனர் கையில் கொடுத்தால் இரண்டாம் முறை கேட்பார்கள். யாருக்குக் கட்டுவது என்றே குழப்பமாக இருந்தால் 2017 சட்டத்தில் வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்யும் வழி இருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பி கலெக்‌ஷன் ஏஜெண்ட் கையில் ரொக்கம் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அட்வான்ஸில் கழிப்பது தனிக் கேள்வி. ஓனர் வாட்ஸ்அப்பில் "கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி அனுப்பினாலும் போதும், முதலில் அதை வாங்கப் பாருங்கள். அவர் பதிலே தராவிட்டால், "அடமானத் தவணை தவறியதால் இம்மாதம் முதல் வாடகையை முன்பணத்தில் கழிக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் 15 நாளில் தெரிவிக்கவும்" என்று எழுதி அனுப்பிவிட்டுக் கழிக்கலாம். இதில் ரிஸ்க் உண்டு. ஆனால் முதல் கேள்வி கேட்டவரின் கணக்கைப் பாருங்கள்: மூன்று லட்சம் என்பது 20 மாத வாடகை. நான்கு மாதம் கழித்தால் 60,000 மீளும், 2,40,000 மாட்டிக்கொண்டே இருக்கும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். 45,000 என்றால் மூன்றே மாதத்தில் கழிந்திருக்கும்.

5 நவம்பர், காலை 8.00

வங்கிக்குக் கடிதம். ஆத்தரைஸ்டு ஆபீசர் பெயருக்கு, ஓனருக்கு ஒரு நகல். நீங்கள் கடன்தாரரும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை, இன்ன தேதி முதல் இந்த வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள், ஆதாரம் இணைத்திருக்கிறது, கேட்டால் வாடகையை வங்கிக்கே கட்டத் தயார், காலி செய்ய 60 நாள் அவகாசம் வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் தராமல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். ஒரே பக்கம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். தகராறு இல்லாமல் காலி வீடு கிடைப்பது வங்கிக்கும் லாபம், ஏலத்தில் விலை கூடும். ஆகவே அவகாசம் கேட்டால் பல கிளைகள் இறங்கி வரும். இறங்கி வந்ததை எழுத்தில் வாங்குங்கள்.

ஆதாரத்தில் எது எடுபடும்? வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஓனருக்குப் போன வாடகை, அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்குக் கொடுத்த ரசீது, கேஸ் இணைப்பு, இந்த முகவரி உள்ள ஆதார், பள்ளிச் சேர்க்கைப் படிவம். மின்கட்டண ரசீது ஓனர் பெயரில் இருந்தாலும் உங்கள் கணக்கிலிருந்து கட்டியதைக் காட்டலாம். வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து பதிவு எண் வாங்கியிருந்தால் தேதியைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

5 நவம்பர், காலை 8.25

பதிவுத் தபால் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். 2025-இல் அது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. விரைவுத் தபாலில் டெலிவரி அத்தாட்சி கேட்டு வாங்குங்கள்.

5 நவம்பர், இரவு 10.15

ஒரு எச்சரிக்கை, தனியாகவே எழுத வேண்டியது. இந்தக் கட்டத்தில் ஓனர் திடீரென்று அன்பாக வருவார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்ட ஒப்பந்தத்தை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுங்கள், வங்கி உங்களை அசைக்க முடியாது" என்பார். போடாதீர்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்பனையாளர் எழுதிய எண்ணும் தேதியும் பெயரும் இருக்கும், அவரிடம் பதிவேடும் இருக்கும். பொய் என்று வெளுத்த பின் உங்களுடைய உண்மையான வாடகை ரசீதுகளையும் தீர்ப்பாயம் நம்பாது. ஆறு மாத அவகாசம் வாங்கியிருக்கக்கூடிய குடும்பம் இதனால் ஆறு நாளில் வெளியே வந்துவிடும்.

6 நவம்பர், மதியம் 12.40

டி.ஆர்.டி.க்குப் போவது பற்றி. சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் 34 பிரிவு கதவை அடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். போக வேண்டிய இடம் தீர்ப்பாயம்: சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று. 17 பிரிவில் "பாதிக்கப்பட்ட எவரும்" மனு போடலாம், குடியிருப்பவர் உட்பட. கெடு 45 நாள். உங்கள் கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணி ஏமாறாதீர்கள், நோட்டீஸில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள். அக்டோபர் 31 என்று போட்டிருந்தால் டிசம்பர் 15-க்குள் மனு உள்ளே இருக்க வேண்டும்.

வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசம். ஒப்பந்தம் மனைவி பேரில் இருந்தால் மனுவை அவரே போடலாம்.

6 நவம்பர், மாலை 5.05 — முதல் கேள்வி கேட்டவர்

ஆட்கள் வந்து சாமானை வெளியே தூக்கி வைப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. காலி செய்தால் சாவியை வங்கியிடமே கொடுத்துவிடலாமா?

6 நவம்பர், இரவு 8.50

வங்கி ஆட்கள் தாங்களாகவே வந்து வெளியேற்ற முடியாது. நீங்கள் மறுத்தால் அவர்கள் 14 பிரிவில் போக வேண்டும்: சென்னையில் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவர், மாவட்டங்களில் கலெக்டர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர். 30 நாளில் ஆணை, காரணம் எழுதி 60 நாள் வரை நீட்டலாம். அதன் பிறகு வழக்கறிஞர் ஆணையரோ அதிகாரியோ போலீஸ் துணையோடு வருவார். வரும் நாளை முன்கூட்டி ஒட்டினார்களா, ஆணையின் நகல் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆணையில் உள்ள கதவு எண் உங்களுடையதா என்று பாருங்கள். பூட்டி சீல் வைத்தால் உள்ளே இருக்கும் பொருள்களைப் பட்டியல் எடுப்பார்கள். பட்டியலை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகை, சர்டிபிகேட், மருந்து, லேப்டாப் இவற்றை அன்று காலையிலேயே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சீல் வைத்த வீட்டிலிருந்து ஒரு மார்க்‌ஷீட் எடுக்க மனு, பதில், ஆணை என்று வாரக்கணக்கில் அலைய வேண்டி வரும்.

சாவி விஷயம்: 14 ஆணை வரும் முன்பே அவசரப்பட்டு வங்கியிடம் கொடுத்தால், "என்னிடம் ஒப்படைக்கவில்லை, ஆகவே அட்வான்ஸ் இல்லை" என்று ஓனர் வாதாட இடம் கிடைக்கும். முதலில் ஓனருக்கு எழுதுங்கள்: இன்ன தேதி காலி செய்கிறேன், பணத்தைத் தந்து சாவியை வாங்கிக்கொள்ளவும், வராவிட்டால் சுவாதீனம் எடுத்த வங்கியிடம் ஒப்படைப்பேன். அந்தத் தேதி தாண்டிய பிறகு வங்கியில் சாவி கொடுத்து முத்திரையோடு ரசீது. மீட்டர் ரீடிங்கையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கரண்ட், தண்ணீரை நிறுத்தி விரட்டப் பார்த்தால் வாடகை அதிகாரியிடம் புகார். அத்தியாவசிய வசதியைத் துண்டிப்பதை 2017 சட்டம் தடுக்கிறது.

7 நவம்பர், காலை 9.10

தனியாரிடம் கந்து வட்டிக்கு அடமானம் வைத்த வீடு என்றால் இது எதுவும் பொருந்தாது. தனிநபர் சர்ஃபாசியைப் பயன்படுத்த முடியாது. சிவில் கோர்ட்டில் அடமான வழக்குப் போட்டு, முதல்நிலைத் தீர்ப்பு, கெடு, இறுதித் தீர்ப்பு என்று போக வேண்டும். நேரம் நிறைய இருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் 100 கோடி சொத்து மதிப்பும், கடன் 20 லட்சத்துக்குக் குறையாமலும் இருந்தால்தான் சர்ஃபாசி. கூட்டுறவு வங்கிக்கும் சர்ஃபாசி உண்டு, 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

7 நவம்பர், இரவு 9.30

புதிதாக வீடு பார்ப்பவர்களுக்கு. ஓனரிடம் சர்வே எண்ணையும் சார்பதிவாளர் அலுவலகத்தையும் கேட்டு, பதிவுத்துறை இணையதளத்தில் ஈ.சி. பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஓனர் வாங்கிய கிரயப் பத்திரத்தின் தேதியிலிருந்து இன்று வரை தேடுங்கள். ஆவணத்தின் தன்மை என்ற கட்டத்தில் "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று வந்தால் அடமானம். எழுதி வாங்கியவர் இடத்தில் வங்கியின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே பிந்திய தேதியில் அதே ஆவண எண்ணைக் குறிப்பிட்டு "ரசீது" பதிவாகியிருந்தால் கடன் முடிந்தது. ரசீது இல்லையென்றால் கடன் உயிரோடு இருக்கிறது, அல்லது முடித்துவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார். வங்கியின் தடையில்லாச் சான்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

கடன் இருப்பதே குற்றமில்லை, வீட்டுக்கடன் இல்லாத புது வீடு எங்கே இருக்கிறது? வாடகை வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸோடு போகலாம். லீஸ், ஒத்திக்கு மட்டும் அடமானம் உள்ள வீடு வேண்டாம். கால்வாசி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரு பத்தி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"மேற்படி சொத்தின் பேரில் ……… வங்கியில் உள்ள கடனைத் தவிர வேறு வில்லங்கம் இல்லை என வீட்டு உரிமையாளர் உறுதி கூறுகிறார். கடன் தொடர்பாகக் கோரிக்கை அறிவிப்பு ஏதும் வந்தால் ஏழு நாள்களுக்குள் வாடகைதாரருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பார். அவ்வாறு அறிவிப்பு வந்த நாள் முதல், வாடகைதாரர் மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளவும், முன்னறிவிப்புக் காலம் இன்றிக் காலி செய்யவும் உரிமை உண்டு."

8 நவம்பர், காலை 7.15

அந்தப் பத்தியின் கடைசியில் "தெரிவிக்கத் தவறினாலும் இந்த உரிமை அறிவிப்பின் தேதியிலிருந்தே தொடங்கும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் மறைப்பவருக்குத்தான் இந்தப் பத்தியே தேவைப்படுகிறது.